பாக்கெட்டில் ஏறிய தாத்தா பெயர்



ஐப்பசி மழை மூணு நாளா விடாமப் பெஞ்சதுல நடவு நின்னுபோச்சு. வடிகாலை வெட்டி விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். இப்படி மழை கட்டிப்போடுற நேரத்துலதான் எனக்கு எழுத முடியுது. இன்னைக்கு வயல் சேதி இல்லை. ஒரு கோபத்தை எழுதணும். பத்து நாளா வயித்துக்குள்ள கெடந்து புரளுது.

தீபாவளிக்குத் தஞ்சாவூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி மகன் சென்னையில் வேலை பார்க்கிறான், எம்.பி.ஏ. படித்தவன். "மாமா, ஒங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன், பாத்தா அசந்துருவீங்க"ன்னு ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்தான். மாப்பிள்ளை சம்பா அரிசி, 1 கிலோ, விலை 180 ரூபாய். கறுப்பு உறை, பளபளன்னு இருந்தது. முன்பக்கம் சட்டை போடாத ஒரு ஆம்பளை, நெஞ்சும் புஜமும் பாறை மாதிரி. அவன் தோளுக்குப் பின்னால் ஒரு பொண்ணு. முகம் தெரியாது. முதுகும் தலை நிறைய மல்லிகைப்பூவும் மட்டும் தெரியும். கீழே தங்க எழுத்தில் 'மாப்பிள்ளைகளின் இரவு ரகசியம்'.

அதோட விட்டிருந்தா சிரிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பின்பக்கத்தைத் திருப்பினேன். அங்கே என் தாத்தா பெயர்.

'இந்த அரிசியை உண்டு 11 பிள்ளைகள் பெற்ற' என்று ஆரம்பித்து, எங்க ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் போட்டு, 'தாத்தாவின் வயலிலிருந்து உங்கள் படுக்கையறைக்கு' என்று முடித்திருந்தார்கள்.

அந்த அரிசி என் வயலில் விளைந்ததுதான். போன தையில் ஒன்றரை ஏக்கரில் 24 மூட்டை கண்டது. அதில் 10 மூட்டையை அந்த வியாபாரிக்குக் கொடுத்தேன். மாசி மாதம் அவங்க ஆளுங்க ரெண்டு பேர் கேமராவோட வந்தாங்க. களத்துல உக்கார வெச்சு, விதை எப்படி வந்துச்சு, தாத்தா எத்தனை வயசு வரைக்கும் ஏர் ஓட்டினார், எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க. பதினொண்ணுன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அதனால இந்தக் கோபத்துல பாதி என் மேலேயேதான்.

அந்தப் பதினொண்ணுல தங்கினது ஆறு. ரெண்டு பிறந்த வாரத்துலேயே போச்சு. ஒண்ணு அம்மை கண்டு போச்சு. மத்த ரெண்டும் எப்படிப் போச்சுன்னு அப்பாயி சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. என் அப்பா ஏழாவது. பதினோரு பிரசவமும் அந்த மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில், மருத்துவச்சி கையில். பாக்கெட்டில் அச்சடிச்சவனுக்கு அது ஒரு ஆம்பளையோட சாதனைக் கணக்கு. அரிசி கொடுத்த பலமாம்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. என் பெயரும் தாத்தா பெயரும் ஒண்ணுதான். பேரன்னாலே அதுதானே அர்த்தம்? பெயரன் என்பதுதான் பேரன் ஆச்சு. தாத்தா பெயரைத் தாங்குறவன். ஆனா அந்தக் காலத்துப் பொம்பளைங்க புருசன் பெயரைச் சொல்ல மாட்டாங்க. அப்ப பேரனை எப்படிக் கூப்பிடுறது? அப்பாயி என்னைச் சாகுற வரைக்கும் 'சாமி'ன்னுதான் கூப்பிட்டுச்சு. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது வாத்தியார் பெயர் கேட்டதுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னதாம். வாழ்நாள் பூரா அது வாயில் ஏறாத பெயரை, ஒருத்தன் மல்லிகைப்பூவுக்குப் பின்னால அச்சடிச்சுக் கிலோ 180-ன்னு விக்கிறான்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டில் இதுதான் பேச்சு. தங்கச்சி வீட்டுக்காரர் ரொம்பச் சாதுவான மனுசன். அவர் சொன்னார்: "காலம் கெட்டுப்போச்சு மச்சான். அந்தக் காலத்து விளம்பரமெல்லாம் எவ்வளவு கௌரவமா இருக்கும்." மருமகன் விழுந்து விழுந்து சிரிச்சான். "அப்பா, நீங்க பாத்ததே இல்லையா? கவர்ச்சி இல்லாம எந்தக் காலத்துல எது வித்துச்சு? மாமா சும்மா உணர்ச்சிவசப்படுறாரு."

முதல்ல மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லிடுறேன். அவர் நினைக்கிறது தப்பு. எங்க சின்னத் தாத்தாவோட டிரங்குப் பெட்டியில் பழைய பத்திரிகையும் பஞ்சாங்கமும் கட்டுக்கட்டா இருந்தது. சின்ன வயசுல நாங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்சது கதைகளை இல்லை, விளம்பரங்களைத்தான். தாது புஷ்டி லேகியம், நரம்புத் தளர்ச்சிக்குத் தைலம், 'இழந்த வாலிபம் திரும்ப'. குஜராத்துல இருக்குற ஜாம்நகர்ல இருந்து ஆதங்க நிக்ரஹ மாத்திரைன்னு ஒண்ணு, அதோட காம சாஸ்திரப் புத்தகம் இலவசம்னு. சுதந்திரப் போராட்டச் சேதி ஒரு பக்கம், வாலிப மாத்திரை எதிர்ப் பக்கம். தேச பக்தியும் தேக சக்தியும் ஒரே காகிதத்துல பக்கத்துல பக்கத்துல படுத்திருந்த காலம் அது.

ரவி வர்மா 1894-ல பம்பாயில் அச்சகம் போட்டாரு. லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு வந்தது அந்த மாதிரி அச்சுப் படத்தாலதான். அதே அச்சகப் படங்கள் வரிசையில் ஊஞ்சலாடுற மோகினியும் உண்டு. சேலை விலகின மோகினியைச் சாமி படம்னு சொல்லி கடைக்காரர் தாராளமா மாட்டிக்கலாம். அப்புறம் சிவகாசி காலண்டர். எங்க ஊர் உரக்கடைக்கு வருசா வருசம் காலண்டர் வரும். மேலே அம்மன், இல்லைன்னா குடம் தூக்கின பொண்ணு. பொண்ணு படம் போட்ட வருசம் காலண்டர் பொங்கலுக்கு முன்னாடியே தீந்துபோகும். யூரியாவுக்கும் அந்தக் குடத்துக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேட்டதில்லை. சோப்பு விக்க 1941-லேயே லக்ஸ்காரன் லீலா சிட்னிஸ்னு ஒரு சினிமா நடிகையைக் கொண்டுவந்துட்டான். சினிமாக்காரி அழகு உன் வீட்டுக் குளியலறைக்கு வரும்னு சொன்னது எண்பது வருசத்துக்கு மேல ஓடுற வியாபாரம்.

ஆக மாப்பிள்ளை, உங்க கௌரவமான காலம்னு ஒண்ணு கெடையாது. உங்க கண்ணு அப்ப சின்னதா இருந்துச்சு, அவ்வளவுதான்.

மருமகன் இதைப் படிச்சுட்டு, 'மாமா நம்ம கட்சிக்கு வந்துட்டாரு'ன்னு நினைக்கக் கூடாது. எனக்குக் கவர்ச்சி மேல கோபம் இல்லை. நான் விவசாயி. என் வேலையே இனப்பெருக்கம்தான். பசு கத்துனா என்ன பருவம்னு எங்க வீட்டுப் பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். நெல்லு பூக்குற நேரத்துல, காலை வெயில்ல, வயலுக்குள்ள நடக்காதேன்னு சொல்றது எதுக்கு? அது கூடுற நேரம். திருவள்ளுவர் 133 அதிகாரத்துல 25 அதிகாரத்தைக் காமத்துப்பாலுக்குக் கொடுத்தவரு. கோயில் தேர்ல இல்லாத சிற்பமா? நமக்கு அதெல்லாம் புதுசும் இல்லை, கூச்சமும் இல்லை.

என் சண்டை பெயருக்காக. அதைச் சொல்ல ரெண்டு பழைய விளம்பரக் கதை சொல்றேன்.

முதல் கதை லிரில் சோப்பு. 1975-ல வந்தது. எலுமிச்சை மணம், பச்சை நிற உறை, அருவியில பச்சை நீச்சலுடையில குளிக்கிற பொண்ணு, லா லலலான்னு ஒரு பாட்டு. எங்க பக்கத்து டூரிங் டாக்கீஸ்ல படத்துக்கு முன்னாடி போடுவான். சத்தியமா சொல்றேன், அந்த ஒரு நிமிசத்துக்காகவே முன்கூட்டிப் போயி மணல்ல இடம் பிடிப்போம். காரேன் லூனெல்னு அந்தப் பொண்ணு பெயர், பிற்பாடு தெரிஞ்சுகிட்டது. அந்த அருவி நம்ம கொடைக்கானல்ல இருக்கு. டைகர் அருவின்னு ஒரு கூட்டம் சொல்லும், பாம்பாறு அருவின்னு இன்னொரு கூட்டம் சொல்லும். ஆனா இன்னைக்குப் பாம்பாறுக்குப் போகணும்னா டாக்சிக்காரர்கிட்ட 'லிரில் ஃபால்ஸ்'னு சொன்னா போதும். நாலு வருசம் முந்தி குடும்பத்தோட போனப்ப, 'பாம்பாறு'ன்னு நான் சொன்னதுக்கு டிரைவர் திரும்பிப் பாத்து, "லிரிலா சார்?"னு கேட்டார்.

பாம்பு மாதிரி வளைஞ்சு வர்ற ஆறுன்னு எவனோ ஒருத்தன் பாத்து வெச்ச பெயர். எத்தனை நூறு வருசமோ. அருவியில அந்தப் பொண்ணு குளிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்லாவே குளிச்சது. ஆனா குளிச்சுட்டுப் போகும்போது சோப்புக் கம்பெனி அந்த ஆத்தோட பெயரையும் துவைச்சுத் தண்ணியில விட்டுட்டுப் போயிருச்சு. இப்ப அந்தச் சோப்பே கடையில தேடினாத்தான் கிடைக்கும். பெயர் மட்டும் அங்கேயே ஒட்டிக்கிட்டு நிக்குது.

ரெண்டாவது கதைதான் முக்கியம். அறுபதுகள்ல அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஆணுறையை மலிவு விலையில விக்கத் திட்டம் போட்டது. கல்கத்தாவுல உள்ள ஐ.ஐ.எம். நிபுணர்கள் சேர்ந்து போட்ட யோசனை. டீத்தூளும் சோப்பும் விக்கிற பெரிய கம்பெனிகளோட வண்டிகள்லயே இதையும் ஏத்தி, பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோகணும்னு. அதுக்கு வெக்க முதல்ல யோசிச்ச பெயர் என்ன தெரியுமா? 'காமராஜ்'. மன்மதனுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு. காமத்துக்கு ராஜா. பொருளுக்கும் பொருத்தம், கவர்ச்சிக்கும் கவர்ச்சி. வடக்கே உக்காந்து யோசிச்சவங்களுக்கு இது ரொம்பச் சரியாப் பட்டிருக்கு.

அப்புறம்தான் யாருக்கோ நினைவு வந்திருக்கு. ஆளுங்கட்சியோட அகில இந்தியத் தலைவர் பெயரே அதுதான்! பெயரை அப்படியே கைவிட்டுட்டு, 'நிரோத்'னு மாத்தினாங்க. 1968-ல கடைக்கு வந்துச்சு, மூணு 15 பைசா.

இந்தக் கதையைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சேன். ஆனா அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்துச்சுன்னு பாருங்க. விருதுநகர்ல 1903-ல பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வம் காமாட்சியம்மன் பெயரைத்தான் வெச்சாங்க. அம்மா சிவகாமி 'ராஜா'ன்னு செல்லமாக் கூப்பிட, ரெண்டும் சேந்து காமராஜ் ஆனது. அகராதியில பாத்தா ரெண்டும் ஒரே சொல்லுதான். மன்மதனும் அதுல இருக்கான். ஆனா விருதுநகர் வீட்டுல அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேற. அங்கே அது அம்மனோட பெயர், ஒரு தாயோட செல்லம். பெயருக்கு அர்த்தம் அகராதியில மட்டும் இல்லை. யார், யாருக்கு, எதுக்காகக் கொடுத்தாங்கங்கிறதுலயும் இருக்கு. கல்யாணமே பண்ணிக்காத அந்த மனுசன் பெயரை ஆணுறை மேல ஒட்டியிருந்தா நம்ம ஊர் எரிஞ்சிருக்கும்.

இப்ப மருமகன்கிட்ட நான் கேக்குறது இதுதான். அந்தப் பெயர் ஏன் தப்பிச்சது? ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு நல்ல புத்தி வந்ததாலயா? அந்தப் பெயருக்கு உசுரோட ஒரு ஆள் இருந்தார், அவர் கையில அதிகாரம் இருந்துச்சு. அதனால தப்பிச்சது. கேக்க ஆளில்லாத பெயர் தப்பிக்கலை. பாம்பாறுக்குக் கேக்க ஆளில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துல நாப்பது வருசம் முன்னாடி செத்துப்போன ஒரு குடியானவனுக்குக் கேக்க ஆளில்லை.

1991-ல காமசூத்ரான்னு ஒரு ஆணுறை வந்துச்சு. பூஜா பேடி நடிச்ச விளம்பரம் நாடு பூரா பேச்சு. வாத்ஸ்யாயனருக்கும் வாரிசு கெடையாதுதான். ஆனா அதுல ஒரு நேர்மை இருந்துச்சுன்னு சொல்லுவேன். படுக்கையறைப் பொருளைப் படுக்கையறைப் படம் போட்டு, படுக்கையறைப் புத்தகத்தோட பெயர்ல வித்தான். உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் ஒண்ணு. என் அரிசிப் பாக்கெட்டுக்குள்ள இருக்குறது சோறு.

மாப்பிள்ளை சம்பா பெயருக்கு ஊர்ல சொல்ற கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இளவட்டக்கல்லைத் தூக்கினாத்தான் பொண்ணு. அந்தக் கல்லைத் தூக்குற தெம்புக்கு இந்தச் சோறு. தாத்தா இதைச் சொல்லும்போது, "தூக்குனது கல்லைடா, கட்டிலை இல்ல"ன்னு சொல்லிட்டு அவரே கடகடன்னு சிரிப்பார். அவருக்கு அந்தப் பெயர் உழைப்போட பெயர். 160 நாள் நிக்கிற பயிர், ஆள் உயரம் வளரும், தண்ணி நின்னாலும் தாங்கும், காஞ்சாலும் தாங்கும். உரம் கேக்காது. காலையில இந்த நீராகாரத்தைக் குடிச்சுட்டுப் போனா மத்தியானம் வரைக்கும் பசி தெரியாது. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அதுதான் பெரிய சுகம்.

நம்ம நெல்லுப் பெயர் ஒவ்வொண்ணும் இப்படித்தான். காட்டுயானம்னா யானை உள்ளே நின்னாலும் தெரியாத உயரம். அறுபதாம் குறுவைன்னா அறுபது நாள். களர் நிலத்துக்குக் களர்பாளை. பெயரைச் சொன்னா போதும், எப்ப விதைக்கணும், எங்க விதைக்கணும்னு தெரிஞ்சுரும். எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள் பெயருக்குள்ளேயே பாடத்தை வெச்சுட்டுப் போயிருக்காங்க. 1966-ல வந்த ஐ.ஆர். 8-க்கு அப்புறம் எல்லாம் நம்பர் ஆச்சு. ஆனா பாருங்க, அந்த நம்பரையும் நம்ம ஆளு விடலை. நல்லா விளைஞ்ச சந்தோஷத்துல வட ஆற்காட்டு விவசாயி ஒருத்தர், பிறந்த மகனுக்கே அந்த ஐ.ஆர். எட்டைப் பெயரா வெச்சார். அது நன்றிக்கு வெச்ச பெயர்.

திருத்துறைப்பூண்டிக்காரன் நான். நெல் ஜெயராமனைப் பத்திச் சொல்லாம இருக்க முடியாது. 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுட்டு 2018 டிசம்பர்ல போய்ச் சேர்ந்தார். ஆதிரெங்கம் நெல் திருவிழாவுல 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருசம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுக்கணும். காசு கெடையாது, கணக்கு அவ்வளவுதான். நெல்லுக்குத் தன் பெயரை வெக்காம, தன் பெயருக்கு முன்னாடி நெல்லைப் போட்டுக்கிட்ட மனுசன் அவர். எங்க வீட்டுல ஐ.ஆர். 20 வந்தப்ப இந்த விதை அழிஞ்சுபோச்சு. நான் அந்த 2 கிலோவுலதான் திரும்ப ஆரம்பிச்சேன். பெயரும் விதையும் சேர்ந்துதான் கைக்கு வந்துச்சு, கூடவே திருப்பிக் கொடுக்கணும்ங்கிற கடனும். அந்த வியாபாரி பெயரை எடுத்துக்கிட்டான், அரிசியை எடுத்துக்கிட்டான். கடனை மட்டும் என்கிட்டயே விட்டுட்டான்.

மருமகன் ஒண்ணு கேட்டான். அது நியாயமான கேள்வி. "பரம்பரைப் பேருன்னா எல்லாமே ஒசத்தியா மாமா? சாதிப் பட்டமும் பரம்பரைப் பேருதானே? அதைத் தூக்கிப் போடலையா?" ஆமாடா, போட்டோம். 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டு, பெயருக்குப் பின்னால இருந்த பட்டத்தை வெட்டினாங்க. தமிழ்நாட்டுல இன்னைக்கு அப்பா பெயரோட முதல் எழுத்து போதும்னு இருக்கோமே, அது பெரிய காரியம். வேண்டாத பெயரை உரியவங்களே கூடிப் பேசி உதறினாங்க. அதையும், நான் கொடுக்காத பெயரை ஒருத்தன் எடுத்து விக்கிறதையும் ஒரே தராசுல வெக்காதே. இன்னொண்ணையும் ஒத்துக்குறேன். தாத்தா வயல்ல நாத்து நட்டவங்க, கருதறுத்தவங்க பெயர் எதுவும் எந்தப் பாக்கெட்டுலயும் வராது, என் நினைவுலயும் பாதிதான் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் விசாரிச்சேன். வக்கீல் நண்பர் ஒருத்தர் எடுத்துக் காட்டினார். ஆண்மை மருந்து விளம்பரத்தைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்திருக்கு. சின்னத் தாத்தா பெட்டியில பாத்த மாதிரி லேகிய விளம்பரங்களுக்குத்தான் அந்தச் சட்டம். ஆனா அதுல மருந்துன்னா என்னன்னு விளக்குற இடத்துல, உடம்போட இயக்கத்தைப் பாதிக்கிற பொருள்னு சொல்லும்போது 'உணவு தவிர்த்த'ன்னு ஒரு சொல் இருக்கு. லேகியக்காரன் மாட்டுவான், அரிசிக்காரன் அந்தச் சந்துல நழுவலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் இருக்கு. அதுல புகார் எழுதிக் கொடுக்கலாம்னார். எழுதிக்கிட்டிருக்கேன். ஆனா அந்தப் புகார்ல கேக்க முடியுறது 'இந்த அரிசி ஆண்மை தருமா, தராதா'ன்னுதான். என் அப்பாயிக்கு என்ன பதில்னு கேக்க எந்தச் சட்டத்துலயும் கட்டம் இல்லை.

வியாபாரிக்குப் போன் போட்டேன். நல்ல மரியாதையாத்தான் பேசினார். "அண்ணே, உங்க தாத்தாவைப் பெருமைப்படுத்தித்தானே போட்டிருக்கோம்? இந்தப் பாக்கெட்டு வந்த பிறகுதான் வேகமாப் போகுது"ன்னார். 5,000 உறை அச்சடிச்சாச்சாம், தீந்த பிறகு மாத்துறதைப் பாக்கலாமாம். மிச்சமிருக்கிற 14 மூட்டையையும் கொடுத்தா அரிசிக்குக் கிலோவுக்கு 8 ரூபாய் கூடப் போட்டுத் தர்றேன்னார். எனக்கு அவர் இதுவரைக்கும் கொடுத்தது கிலோவுக்கு 80. கணக்குப் போட்டுப் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன். நடவுக் கூலி பாக்கி நிக்குது. தை மாசம் மகளுக்குப் பிரசவம். நாலாயிரம் ரூபாய்க்கு மேல கூட வரும்னா கை நீளத்தான் செய்யுது. வேண்டாம்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து இதை வீரமா என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அது அரிசி புடைச்சுக்கிட்டே கேட்டுச்சு. முழுசாக் கேட்டுட்டு முறத்தைக் கீழ வெச்சுச்சு.

"தாத்தா பேரை வித்துட்டான்னு இவ்வளவு குதிக்கிறீங்களே, பதினொண்ணு பெத்தவுக பேரு என்ன?"

எனக்குச் சொல்லத் தெரியலை.

நெசமாவே தெரியலை. எனக்கு அது அப்பாயி. ஊருக்கு அது இன்னார் பெஞ்சாதி, இன்னார் ஆத்தா. தாத்தா பெயரை நான் சுமக்குறேன், பெரியப்பா பேரன் ஒருத்தன் சுமக்குறான், இப்ப பாக்கெட்டும் சுமக்குது. அதோட பெயரைச் சுமக்க எங்க வம்சத்துல ஒரு பேத்தி கெடையாது. பெரிய அத்தைக்குப் போன் பண்ணினேன், எண்பத்தஞ்சு வயசு, அதுக்கும் வீட்டுல கூப்பிட்ட செல்லப் பெயர்தான் நினைவிருக்கு. ரெண்டு நாள் பீரோவைக் கொட்டித் தேடினோம். கடைசியில ஒரு பழைய கிரயப் பத்திரத்துல கிடைச்சது. வாய்க்கால் ஓரத்து அரை மா நிலத்தை அப்பாயிக்கு அவங்க அப்பா சீராக் கொடுத்திருக்கார். அதைத் தாத்தா கடனுக்காக வித்திருக்காங்க. அதுல இடது பெருவிரல் ரேகையும், பக்கத்துல எழுத்தர் கையெழுத்துல பெயரும் இருக்கு.

நல்ல பெயர். எங்க பக்கம் இப்ப யாரும் வெக்கிறதில்லை.

அதை இங்க எழுத மாட்டேன். எழுதினா அடுத்த பாக்கெட்டுல அது வரும், 'பாட்டியின் பக்குவம்'னு போட்டு. மகள்கிட்ட மட்டும் போன்ல சொல்லியிருக்கேன். "ரொம்பப் பழசா இருக்கேப்பா"ன்னு சொல்லுச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கிச்சு. பாப்போம்.

மழை விட்ட மாதிரி இருக்கு. மடையைப் பாக்கப் போகணும்.

மாப்பிள்ளை சம்பா 14 மூட்டை வீட்டுல இருக்கு. புழுங்கல் வேணுமா பச்சரிசி வேணுமான்னு முன்கூட்டிச் சொன்னா அவிச்சு அரைச்சு வெக்கிறேன். கிலோ 90 ரூபாய். உறை கெடையாது, வர்றவங்க பை கொண்டு வாங்க. விதைக்கு வேணும்னா 2 கிலோ சும்மா தர்றேன், அடுத்த தையில 4 கிலோ வந்துரணும்.